எல்லோரும் "நல்லா இருக்குங்க" என்றே சொன்னால்: தொண்டு நிறுவன சர்வேயில் வரும் பழுதுகளும் சரிசெய்யும் முறையும்

மாலை நேரக் கல்வி மையம், மகளிர் குழு, மருத்துவ முகாம், முதியோருக்கு மதிய உணவு என்று நடத்தும் சிறிய தொண்டு நிறுவனங்களுக்குப் போய், அவர்கள் எடுத்த சர்வே ஏன் பயன்படவில்லை என்று பார்த்துச் சரிசெய்வது பல ஆண்டுகளாக என் வேலை. நிறுவனம் மாறும், ஊர் மாறும், வரும் பழுதுகள் மட்டும் அதே எட்டுதான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். வரிசையை மாற்ற வேண்டாம். புதிய மென்பொருள் வாங்கலாமா, ஆய்வு நிறுவனத்தைக் கூப்பிடலாமா என்ற பேச்சு பெரும்பாலும் முதல் இரண்டு சோதனையைக்கூடச் செய்யாமல்தான் தொடங்குகிறது.

உட்காரும் முன் மேசையில் மூன்று இருக்கட்டும்: கையால் நிரப்பிய மூலப் படிவங்கள் இருபது, மையத்தின் வருகைப் பதிவேடு, படிவம் நிரப்பப் போனவர்களில் ஒருவர். படிவங்களைப் புரட்டும்போது யாருக்காவது ஆபத்து என்று தெரியும் வரி கண்ணில் பட்டால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அறிகுறி 8-க்குப் போங்கள்.

## அறிகுறி 1: எல்லோரும் முழு மதிப்பெண் தருகிறார்கள்

ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு நாலரை. "குறை ஏதும் உண்டா?" என்ற கேள்விக்கு நேராக இல்லை, இல்லை, இல்லை. ஆண்டறிக்கையில் போட அழகாக இருக்கும். நாளை காலை எதை மாற்றுவது என்று மட்டும் சொல்லாது.

கேட்டது யார்?

மையத்தில் பாடம் சொல்லித்தரும் அக்காவே வீட்டுக்குப் போய் "நான் எப்படிச் சொல்லித்தர்றேன்?" என்று கேட்டால் எந்த அம்மா குறை சொல்வார்? படிவங்களை நிரப்பியவர் பெயர் வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஏதாவது ஒரு குறையாவது எழுதிய படிவம் எத்தனை என்று எண்ணுங்கள். சொந்த மையத்துக்குப் போனவர் அடுக்கில் ஒன்றுகூட இல்லாமல், வெளியிலிருந்து போனவர் அடுக்கில் நாலைந்து இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஆட்களை மாற்றிவிடுங்கள். இந்த மையத்து அக்கா அந்த ஊருக்கு, அந்த ஊர் அக்கா இந்த மையத்துக்கு. பஸ் சார்ஜ் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

எங்கே, எப்போது கேட்டார்கள்?

ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நின்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீள மேசையின் ஒரு முனையில் சர்வே, மறுமுனையில் புதுப் பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு அம்மா பையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கேள்வி முடியும் முன்பே "நல்லா இருக்குங்க சார்" என்று பதில் வந்தது. ஒன்பதாவது கேள்வி, "வீட்டிலிருந்து மையத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகுது?" அதற்கும் "நல்லா இருக்குங்க சார்" என்றார். கேட்டவர் 10 நிமிடம் என்று எழுதிக்கொண்டார்.

பொருள் கொடுக்கும் நாள், கடன் வழங்கும் நாள், முகாம் நாள் ஆகியவற்றில் எடுத்த படிவங்களைத் தேதி பார்த்துத் தனியே பிரியுங்கள். அதே ஆட்களில் பத்துப் பேரை ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுத் திண்ணையில் கேளுங்கள். பதில் மாறினால் பழைய படிவங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"பரவாயில்லை" எந்தக் கட்டத்தில் விழுந்தது?

நம் மொழியில் சர்வேக்காரரைத் திணறடிக்கும் சொல் இது. சிரித்துக்கொண்டே சொன்னால் எதிர்பார்த்ததைவிட நன்று என்று பொருள். இழுத்துச் சொன்னால் சுமார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால், விடுங்க, சொல்லி என்ன ஆகப்போகுது. படிவத்தில் எல்லாமே ஒரு டிக். உங்கள் களப்பணியாளர்கள் ஐந்து பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "பரவாயில்லைனு சொன்னா எந்தக் கட்டத்துல போடுவீங்க?" என்று கேளுங்கள். ஐந்து பேரும் ஒரே இடத்தைக் காட்டிய அலுவலகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

காட்டவில்லை என்றால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். திருப்தியா என்று கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். "போன வாரம் மையம் எத்தனை நாள் திறந்திருந்துச்சு?" "கடைசியா வந்தப்ப டாக்டரைப் பார்க்க எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க?" "மாத்திரையை எப்பெப்பச் சாப்பிடணும்னு யாராவது சொன்னாங்களா?" எண்ணையும் ஆம், இல்லையையும் மரியாதைக்காக வளைப்பது கடினம். "முற்றிலும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்" என்ற வரிசையை எடுத்துவிடுங்கள். அப்படி யாரும் பேசுவதில்லை என்பதால் களப்பணியாளர் வாசலிலேயே அதைத் தன் சொல்லில் மாற்றிக் கேட்கிறார். ஐந்து பேர் போனால் ஐந்து விதமான கேள்வி கேட்கப்படுகிறது.

10-க்கு எத்தனை என்று கேட்டீர்களா?

"எங்களை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள்" என்ற கேள்வி 2003-இல் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் என்ற அமெரிக்க வணிக ஆலோசகர் வணிக நிறுவனங்களுக்காக முன்வைத்தது. 9, 10 போட்டவர் ஆதரவாளர். 7, 8 போட்டவர் எந்தப் பக்கமும் சேரமாட்டார். 6-உம் அதற்குக் கீழும் அதிருப்தியாளர். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து அதிருப்தியாளர் சதவீதத்தைக் கழிப்பார்கள். நிதி தருபவர்கள் இப்போது தொண்டு நிறுவனங்களிடமும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்த ஊர் இது. 6 போட்ட அம்மா உங்களுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் கொடுத்திருக்கிறார், சூத்திரமோ அவரை அதிருப்தியாளர் பக்கம் தள்ளுகிறது. இந்த எண் கட்டாயம் என்றால் "ஏன் இந்த எண் போட்டீங்க?" என்ற ஒரு வரியைக் கூடவே சேருங்கள். உங்கள் போன ஆண்டு எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், வேறு நாட்டு நிறுவனத்தோடு வேண்டாம்.

சொல்லப் பயப்படும் விஷயமா?

குழுத் தலைவி கமிஷன் கேட்டாரா, ஊழியர் மரியாதைக்குறைவாகப் பேசினாரா போன்ற கேள்விகளுக்கு நேருக்கு நேர் உண்மை வராது. கர்நாடகத்தில் எச்ஐவி தடுப்புப் பணியில் இருந்தவர்கள் இதற்கு வாக்குச்சாவடி முறையைப் பயன்படுத்தினார்கள். நான் அதைச் சுருக்கி இப்படிச் செய்கிறேன். ஒரே நிலையில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு அறையில் உட்காரவைக்க வேண்டும். சேலையைத் திரைபோலக் கட்டி அதன் பின்னால் இரண்டு மண்பானை. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. கேள்வியைச் சத்தமாகப் படித்ததும் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், ஆம் என்றால் சிவப்புத் துணி கட்டிய பானையிலும் இல்லை என்றால் மற்றதிலும் கொட்டையைப் போட்டுவிட்டு வருவார்கள். எல்லோர் முன்னாலும் எண்ண வேண்டும். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும். கொட்டையை எண்ணி முடித்த பிறகு அறையில் பேச்சு தானாகத் தொடங்கும். அந்தப் பேச்சைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள், எண்ணைவிட அதில் விஷயம் அதிகம்.

வெளியாளை எப்போது அழைப்பது? ஆளை மாற்றி, இடத்தை மாற்றி, கேள்வியை மாற்றிய பிறகும் முழு மதிப்பெண்ணே வந்து, வருகைப் பதிவேடு வேறு கதை சொன்னால். அருகிலுள்ள கல்லூரியின் சமூகப்பணித் துறையை முதலில் கேளுங்கள். மேற்பார்வைக்குப் பேராசிரியர் வருவார் என்றால் மாணவர்களே போதும்.

## அறிகுறி 2: மதிப்பெண் நன்றாக இருக்கிறது, வருகை குறைகிறது

வந்தவர்களை மட்டும் கேட்டீர்களா?

பத்தில் எட்டு முறை இதுதான் காரணம். பிடிக்காதவர் போய்விட்டார், இருப்பவரிடம் கேட்டு எல்லாம் நன்று என்று எழுதிக்கொண்டோம். போன ஆண்டு ஜூன் மாதப் பதிவேட்டையும் இந்த ஆண்டுப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, இப்போது இல்லாத பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் இருந்து ஆறு வீட்டுக்குப் போங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்வி மையத்தில் ஏழாம் வகுப்பு முடிந்த பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுகொண்டிருந்தார்கள். சர்வே மதிப்பெண் நாலரைக்கு மேல். "வயசுக்கு வந்துட்டா வீட்ல அனுப்ப மாட்டாங்க" என்று ஒருங்கிணைப்பாளர் காரணம் சொல்லி முடித்துவைத்திருந்தார். பதிவேட்டில் நின்றுபோன பெயர்களை எழுதிக்கொண்டு போனோம். முதல் இரண்டு வீட்டில் பெற்றோர் மழுப்பினார்கள். மூன்றாவது வீட்டுப் பிள்ளை அடிகுழாயில் குடம் நிரம்பும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பாத்ரூம்ல தாப்பா இல்லக்கா" என்றாள்.

திரும்பி வந்து பழைய படிவக் கட்டை அவிழ்த்தோம். "பிற கருத்துகள்" என்ற கடைசி வரியில் மூன்று படிவங்களில் பென்சிலால் தாப்பாள் என்று எழுதியிருந்தது. கணினியில் ஏற்றியவர் அந்த வரிக்கு "கருத்து: உண்டு" என்று மட்டும் பதிந்திருந்தார். ஹார்டுவேர் கடையில் நூறு ரூபாய்க்குள் தாழ்ப்பாள் கிடைத்தது, அன்று மாலையே மாட்டினோம். நான்கு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, அதற்குள் ஓர் ஆண்டு போயிருந்தது.

பிரித்துப் பார்த்தீர்களா?

சராசரி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆண், பெண் என்று பிரியுங்கள். வகுப்பு வாரியாகப் பிரியுங்கள். தெரு வாரியாகக் கட்டாயம் பிரியுங்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் கோடு உங்கள் மையத்தின் வாசலிலும் இருக்கிறதா என்று கேட்கத் தயங்கக் கூடாது. கோயில் மண்டபத்தில் மையம் வைத்துவிட்டு, காலனிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதிய இடங்கள் உண்டு. படிவத்தில் தெருப்பெயர் இல்லை என்றால் அடுத்த முறை சேருங்கள். சாதியைக் கேட்க வேண்டியதில்லை, தெரு போதும்.

பிற கருத்துகளை யார் படித்தது? ஒரு நாள் மாலை, மூன்று பேர், தேநீர். எல்லா வரிகளையும் சத்தமாகப் படியுங்கள். இருநூறு படிவத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

## அறிகுறி 3: பதிலே வருவதில்லை

வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் இணைப்பு அனுப்பியிருப்பீர்கள். முந்நூறு பேருக்கு அனுப்பி இருபது பதில் வந்திருக்கும்.

- அது யார் போன்? பட்டியலிலிருந்து பத்து எண்ணுக்கு நேராகப் போன் செய்யுங்கள். கணவர் எடுக்கிறாரா, மகன் எடுக்கிறானா, அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் அம்மாக்களிடம் இல்லை என்றால் இணைப்பு அனுப்புவதை விட்டுவிட்டு நேரில் போங்கள்.
- எவ்வளவு நீளம்? உங்கள் அலுவலகத்துக்கு வெளியே ஒருவரை நிரப்பச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால் பாதிக் கேள்வியை வெட்டுங்கள்.
- எந்த நேரம்? நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டிவிட்டு "வீட்டில் ஆள் இல்லை" என்று எழுதுகிறார்கள். நடவு, அறுவடை, ரேஷன் போடும் நாள் எல்லாம் தவிருங்கள்.
- முதல் பக்கம் பயமுறுத்துகிறதா? ஆதார், வருமானம், சாதி, ரேஷன் கார்டு எண் என்று தொடங்கினால், "இதைச் சொன்னா கார்டு போயிடுமா?" என்றுதான் தோன்றும். தேவையில்லாததைக் கேட்கவே கூடாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் பெற வேண்டும், தேவையான அளவே வாங்க வேண்டும் என்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.
- சலித்துவிட்டார்களா? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக் குப்பங்களில் ஒரே வீட்டுக்கு அமைப்பு மாற்றி அமைப்பு படிவத்தோடு போனது. இன்றும் பல ஊர்களில் சிறிய அளவில் அதுதான் நடக்கிறது. "போன தடவ எழுதிட்டுப் போனீங்களே, என்ன ஆச்சு?" என்று ஒருவராவது கேட்டிருந்தால் உங்கள் பழுது இங்கே இல்லை. அறிகுறி 7-க்குப் போங்கள். அதைச் சரிசெய்யாமல் இன்னொரு சர்வே எடுக்காதீர்கள்.

## அறிகுறி 4: படிவங்கள் அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன

ஒரே பேனா, ஒரே சாய்வு, மடிப்பே இல்லாத தாள், எல்லாவற்றிலும் இரண்டாவது கட்டம். மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பியது என்று சந்தேகம் வருகிறது.

கைப்பேசியில் எடுத்திருந்தால் சோதனை எளிது. கோபோ டூல்பாக்ஸ் போன்ற கருவிகளில் படிவம் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் பதிவாகும், நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இருபது கேள்வி மூன்று நிமிடத்தில் முடிந்திருந்தால், அல்லது மாலை ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் பதினைந்து வீடு முடிந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான். காகிதம் என்றால் பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் மறுபடி போய் மூன்று கேள்வி மட்டும் கேட்டு ஒத்துப்பாருங்கள்.

ஒன்றில் கவனம் வேண்டும். வயது 40, 45, 50 என்று குவிந்திருப்பதை மட்டும் வைத்து யாரையும் பிடிக்காதீர்கள். நம் பெரியவர்கள் வயதை அப்படித்தான் சொல்வார்கள்.

பிடிபட்டவரைத் திட்டும் முன் அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை படிவம் இலக்கு கொடுத்தீர்கள் என்று பாருங்கள். வெயிலில் நாற்பது வீடு ஏறி இறங்க யாராலும் முடியாது. படிவத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் படிவம்தான் கிடைக்கும். நாளைக்குப் பன்னிரண்டு வீடு, நாள் சம்பளம், மதியச் சாப்பாடு, போக்குவரத்துச் செலவு அன்றன்றே. இதைச் செய்த பிறகும் அதே ஆள் அதையே செய்தால்தான் அது ஆள் பிரச்சினை.

## அறிகுறி 5: கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் à®¤ போன்ற குறிகள் வருகின்றன

சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்திருப்பீர்கள். அப்படித் திறக்காமல் எக்செல்லின் டேட்டா பகுதிக்குப் போய் உள்ளே இழுத்து, எழுத்துக் குறிமுறை கேட்கும் இடத்தில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அல்லது எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளுங்கள். அப்படிக் குறிகளாக இல்லாமல் சாதாரண ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பழைய ஆள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்திருப்பார். யூனிகோடு மாற்றியில் ஒருமுறை போட்டால் முடிந்தது. ஒரே ஊர்ப்பெயர் ஐந்து எழுத்துக்கூட்டலில் இருந்தால் அடுத்த முறை தட்டச்சு வேண்டாம், பட்டியலிலிருந்து தேர்வு செய்யும்படி வையுங்கள். 5/6 என்பது ஜூன் 5-ஆ மே 6-ஆ என்று குழம்பினால், கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கும். இதற்கெல்லாம் ஆள் வைக்க வேண்டியதில்லை.

## அறிகுறி 6: இந்த ஆண்டு எண் சரிந்துவிட்டது

போன ஆண்டு 82 சதவீதம், இந்த ஆண்டு 73. நிர்வாகக் குழு பதறுகிறது, களப்பணியாளர்கள் முகம் வாடியிருக்கிறது.

எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்பதை முதலில் பாருங்கள். குலுக்கல் முறையில் எடுத்த 100 பேர் என்றால் எண் ஏறக்குறைய 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 30 பேர் என்றால் 18. 400 பேர் கேட்டால்தான் 5-க்கு வரும். நூறு பேரிடம் கேட்டு ஒன்பது சதவீதம் இறங்கியதற்கு ஒரு ஊழியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது அநியாயம்.

அடுத்து, கேள்வியின் சொல் மாறியதா? கேட்ட மாதம் மாறியதா? பெங்களூருவில் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற தன்னார்வ ஆய்வு அமைப்பு குடிமக்களிடம் கேட்டு அரசுச் சேவைகளுக்கு மதிப்பெண் அட்டை வெளியிட்டது. 1994, 1999, 2003 என்று மூன்று முறை ஒரே அடிப்படையில் கேட்டதால்தான் எந்தத் துறை முன்னேறியது, எது தேங்கியது என்று ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. வருஷா வருஷம் நிதி தருபவர் மாறும்போதெல்லாம் படிவத்தை மாற்றினால் உங்களுக்குப் பழைய ஆண்டே இருக்காது. ஐந்தே கேள்வியாவது சொல் மாறாமல் நிற்கட்டும்.

அறிகுறி 1-இல் சொன்னபடி ஆட்களை மாற்றிக் கேட்ட ஆண்டா இது? அப்படியானால் எண் இறங்கியே தீரும். இறங்கிய எண்தான் மெய்யானது. அதை நிதி தருபவரிடம் சர்வேக்கு முன்பே ஒரு கடிதத்தில் சொல்லிவையுங்கள். பின்னால் சொன்னால் சாக்குப்போலத் தெரியும்.

புள்ளியியல் தெரிந்தவரை எப்போது அழைப்பது? இந்த எண்ணை வைத்து ஒரு மையத்தை மூடப்போகிறீர்கள், ஆளை நீக்கப்போகிறீர்கள், அல்லது "எங்கள் திட்டத்தால்தான் இந்த மாற்றம்" என்று எழுதிக் காசு கேட்கப்போகிறீர்கள் என்றால். சர்வே எடுக்கும் முன் கூப்பிடுங்கள். எடுத்து முடித்த பிறகு வந்தால் அவரால் பிழையைச் சொல்ல முடியும், திருத்த முடியாது.

## அறிகுறி 7: எல்லாம் திரட்டியாயிற்று, ஒன்றும் மாறவில்லை

பீரோவில் மூன்று ஆண்டுப் படிவக் கட்டு, ஒவ்வொன்றுக்கும் வண்ணப் படங்களோடு அறிக்கை. மையத்தில் அதே ஒழுகும் கூரை.

யாருக்காவது தெரியுமா? களப்பணியாளர் மூவரிடம், "போன சர்வேல மக்கள் முக்கியமா என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். மூவருக்கும் தெரியவில்லை என்றால் அறிக்கை நிதி தருபவருக்குப் போனது, ஊழியருக்கு வரவில்லை. ஒரே பக்கத்தில், பேச்சுத் தமிழில், ஐந்து வரி எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

கேள்விக்குச் சொந்தக்காரர் உண்டா? படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: பதில் மோசமாக வந்தால் யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்வார்? எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். நாற்பது கேள்விப் படிவம் இந்தச் சோதனையில் பன்னிரண்டாகச் சுருங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்ய முடியாததைக் கேட்பது மக்களுக்கு ஆசை காட்டுவதாகும்.

உங்கள் கையில் இருக்கிறதா? வந்த குறைகளை மூன்று தாளாகப் பிரியுங்கள். நாளையே செய்யக்கூடியவை. நிர்வாகக் குழு ஒப்புதலும் காசும் வேண்டியவை. நம் கையில் இல்லாதவை, அதாவது பஸ் நேரம், தெருவிளக்கு போன்றவை. முதல் தாளில் இருப்பதைப் பதினைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். மூன்றாவது தாளைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. நூறு வீட்டின் பதிலை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகும் பெண்கள் குழுவுக்குத் தனியாளைவிடக் காது கிடைக்கும்.

திருப்பிச் சொன்னீர்களா? எல்லோரும் விடுவது இந்த இடத்தைத்தான். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைகளில் அரசுக் கணக்கை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். இறந்தவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளிவந்தது. கோப்பில் கிடந்தவரை அது வெறும் எண். உங்கள் சர்வே அவ்வளவு பெரிதில்லை. ஆனால் மைய வாசலில் பாய் விரித்து, "நீங்க இதைச் சொன்னீங்க, இதைச் செஞ்சுட்டோம், இதைச் செய்ய முடியல, காரணம் இது" என்று அரை மணி நேரம் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போதே யாராவது குறுக்கிட்டு "அப்படி இல்லீங்க" என்பார். அந்தத் திருத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். செய்ய முடியாததை மறைக்காமல் சொன்னதற்காக யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டுப் போய் முகம் காட்டாததற்குத்தான் கோபப்படுகிறார்கள்.

இதற்கும் வெளியாள் வேண்டுமா? குறை நிறுவனத் தலைமையைப் பற்றியதாக இருந்து, அந்தத் தாள் ஒவ்வொரு முறையும் மேசை டிராயரிலேயே தங்கிவிட்டால் வேண்டும். அறங்காவலர் ஒருவரையோ தலைமைக்குக் கீழ் வராத ஒருவரையோ நடுவில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, சங்கடம் அதிகம்.

## அறிகுறி 8: ஒரு படிவத்தில் யாருக்கோ ஆபத்து என்று எழுதியிருக்கிறது

இங்கே சோதனை வரிசை கிடையாது. எண்ணிக்கையில் சேர்க்கும் வேலையை நிறுத்திவிட்டு அன்றே செய்ய வேண்டியவை இவை.

குழந்தைக்குப் பாலியல் தொல்லை என்றால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். உண்மையா என்று நீங்களே விசாரிக்கப் போகாதீர்கள், பிள்ளையை மறுபடி மறுபடி சொல்லவைக்காதீர்கள், ஊழியர் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பெண் ஊழியர் பணியிடத்தில் பாலியல் தொல்லை என்று எழுதியிருந்தால் 2013 சட்டப்படி நிறுவனத்துக்குள் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் போக வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது கட்டாயம். பத்துக்குக் குறைவு, அல்லது புகார் நிறுவனத் தலைவர் மீதே என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி வரி என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். அந்த வீட்டுக்கு அன்று மாலையே பழகிய ஒருவர் போய் உட்கார்ந்து பேசட்டும். குடும்பத்தில் அடிதடி என்றால் பெண்களுக்கான உதவி எண் 181.

இதற்கு முன்னேற்பாடு சர்வே தொடங்கும் நாளில் இருக்க வேண்டும். "நீங்க சொல்றது யாருக்கும் போகாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டால் பிறகு அதை மீற நேரும். வாசலில் சொல்ல வேண்டியது இது: "உங்க பேரு வெளிய வராதுங்க. ஆனா ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நாங்க சொல்லியே ஆகணும்." இந்த இரண்டு வரியையும் மூன்று உதவி எண்களையும், உங்கள் அலுவலகத்தில் உடனே அழைக்க வேண்டியவர் எண்ணையும் ஒரு அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு களப்பணியாளரின் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிவிடுங்கள்.